பட்டணத்துள் அடங்கிய பழம்பதி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ப்ரஹ்மோத்ஸவத்தைச் சேவிக்கும் பொருட்டுப் பல திசைகளிலிருந்தும் வந்து கூடியிருக்கும் பாகவதோத்தமர்களுக்கு அடியேனின் விண்ணப்பம். திருவல்லிக்கேணிக்கு வந்து செல்லும் அன்பர்களுள் பலர் ஊர் திரும்பியபின், “சென்னைக்குச் சென்றோம், பார்த்தஸாரதிப் பெருமாளைச் சேவித்தோம்” என்று கூறுவர். இன்றைய நிலையில் அது பொருத்தமான கூற்றே. எனினும், சென்னைப் பட்டணம் தோன்றுவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகவே, தனக்கென ஒரு குளமும் கோயிலும் குடிகளும் உடைய தனியூராக இது விளங்கியது. அவ்வூர் பட்டணத்துள் அடங்கிய வரலாற்றையும், அடங்கிய பின்னும் ஊராகவே நிற்பதற்குரிய காரணத்தையும் இங்குச் சுருக்கமாக எழுதத் துணிந்தேன். வீதிகளில் வலம் வரும் அன்பர்களுக்குத் தாம் நடக்கும் மண் எத்தகையது என்று தெரிந்திருத்தல் நலம் அன்றோ?

பெரிய நகரங்கள் வளருங்கால் அண்டையிலுள்ள சிற்றூர்கள் அவற்றுள் அடங்கிப்போதல் உலக இயற்கை. முண்டகோபநிஷத்தில், ஆறுகள் கடலை அடைந்து பெயரும் வடிவும் துறப்பது ஓர் உவமையாகக் கூறப்பட்டுள்ளது. அது முக்தி நிலையை விளக்க வந்த உவமை. அதற்கு நம் பூர்வாசார்யர்கள் கொண்ட பொருளை அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பரமபதத்தை அடைந்த ஜீவன் இல்லாமற் போவதில்லை. எம்பெருமானுக்கு என்றும் சேஷபூதனாய், கைங்கர்யம் செய்துகொண்டு, தன் ஸ்வரூபம் குன்றாமல் இருக்கிறான் என்பதே ஸ்ரீராமாநுஜ ஸித்தாந்தம். பெரியதொன்றைச் சேர்ந்தபின்பும் ஒன்று தன் இயல்பு கெடாமல் இருக்கக்கூடும். அதற்கு அடையாளம் கைங்கர்யம். இக்கருத்தை மனத்திற் கொண்டு ஊரின் வரலாற்றைக் காண்போம்.

1. பெயர் விளக்கம்

‘அல்லி’ நீரிற் பூக்கும் மலர். ‘கேணி’ என்பது கிணற்றுக்கும் சிறு குளத்துக்கும் பெயர். அல்லி மலர்ந்த குளத்தை உடைய ஊர் அல்லிக்கேணி. எம்பெருமான் உகந்து எழுந்தருளிய இடமாதலின் ‘திரு’ என்னும் அடையுடன் திருவல்லிக்கேணி ஆயிற்று. கோயிலின் கிழக்கு வாயிலுக்கு எதிரே உள்ள புஷ்கரிணிக்குக் கைரவிணீ என்று வடமொழிப் பெயர் வழங்குகிறது. ‘கைரவம்’ என்பது வெண்ணிற ஆம்பலின் பெயர் என்பதை அமரகோசம் பயின்ற சிறுவனும் அறிவான். கைரவங்களை உடையது கைரவிணீ. தமிழ்ப்பெயரும் வடமொழிப் பெயரும் ஒரே பொருளைத் தருகின்றன. ஆகவே இவ்வூருக்குப் பெயர் தந்தவன் அரசன் அல்லன். பெயர் தந்தது அதன் நீர்நிலை.

தலபுராணம் இவ்விடத்தை ப்ருந்தாரண்யம் என்று போற்றும். ‘ப்ருந்தா’ என்பது துளசி. துளசி வனம் என்பது பொருள். அடியேன் போன்று பாடசாலையில் பயின்றவர்களுக்கு ஆசிரியர்கள் முதலிற் கற்பிப்பவற்றுள் ஸங்கல்பம் ஒன்று. எந்தக் கர்மாவைத் தொடங்கினாலும் இன்ன தேசத்தில், இன்ன காலத்தில் செய்கிறேன் என்று சொல்லித் தொடங்குதல் முறை. அதில் ஆளும் அரசனின் பெயர் கேட்கப்படுவதில்லை. க்ஷேத்ரத்தின் பெயரே சொல்லப்படுகிறது. பல்லவரும் சோழரும் விஜயநகரத்தாரும் கோல்கொண்டாவினரும் ஆங்கிலேயரும் ஆண்டு சென்றனர். ப்ருந்தாரண்யம் என்னும் பெயர் ஸங்கல்பத்தில் இருந்து நீங்கவில்லை.

2. ஆழ்வார்கள் கண்ட ஊர்

திருவல்லிக்கேணியை மங்களாசாஸனம் செய்தருளியவர்கள் மூவர்: மயிலையில் அவதரித்த பேயாழ்வார், திருமழிசைப்பிரான், திருமங்கைமன்னன். முதலிருவரும் ஒவ்வொரு பாசுரமும், திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் ஒரு பதிகமும் அருளியுள்ளனர். அவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஊரைப் பற்றிய இரண்டு செய்திகள் புலனாகும்.

ஒன்று, இவ்வூர் கடற்கரை ஊர். பேயாழ்வாரின் பாசுரத்தில் அலையெறியும் கடல் ஊரை ஒட்டியே இருக்கிறது. மற்றொன்று, இது அப்பொழுதே ஒரு பெரிய ஊரின் அணைப்பில் இருந்த சிற்றூர். திருமங்கையாழ்வார் தம் பதிகத்தின் சில பாசுரங்களில் மயிலையோடு சேர்த்தே திருவல்லிக்கேணியைப் பாடுகிறார். தொண்டையர்கோனாகிய பல்லவ மன்னனின் திருப்பணியையும் குறிப்பிடுகிறார். திருமங்கைமன்னனின் காலம் கி.பி. 8-ஆம் நூற்றாண்டு என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. அன்று மயிலை மாடமாளிகைகள் நிறைந்த துறைமுக நகரம். அல்லிக்கேணி அதன் வடக்கே அமைந்த சிறு பதி. எனவே, பெரிய ஊரின் பெயரோடு சேர்த்து அழைக்கப்படுவது இவ்வூருக்குப் புதிதன்று. ஆழ்வார்களின் காலத்திலும் இது ஒரு நகரின் அண்டையூரே. அதனால் இதன் பெருமைக்குக் குறைவு ஏற்படவில்லை. மயிலைக்கு இவ்வூரால் ஒரு பெருமை கூடிற்று.

உடையவர் ஸ்ரீராமாநுஜரின் திருத்தகப்பனாரான கேசவ ஸோமயாஜி இக்கைரவிணீ தீரத்தில் வேள்வி செய்து எம்பெருமானை வேண்டியதன் பயனாகவே, 1017-இல் ஸ்ரீபெரும்பூதூரில் அவ்வவதாரம் நிகழ்ந்தது என்பது குருபரம்பரை வழி வந்த செய்தி. ஸம்ப்ரதாயத்துக்கு உடையவரையே தந்த குளக்கரை என்று இதனைப் பெரியோர் கொண்டாடுவர்.

3. கல்லில் எழுதிய முதற்செய்தி

திருக்கோயிலில் உள்ள கல்வெட்டுகளுள் பழமையானது, 8-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 9-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் ஆண்ட பல்லவ மன்னன் தந்திவர்மனின் காலத்தது. அரசன் பெற்ற வெற்றியோ, கட்டிய கோபுரமோ அதன் பொருள் என்று அன்பர்கள் எண்ணக்கூடும். அது கூறும் செய்தி வேறு.

கோயிலுக்குரிய நிலம் ஒன்று அடகு வைக்கப்பட்டது. நிலத்தின் விளைவு வரவில்லை. அதனால் எம்பெருமானுக்குத் திருவமுது செய்விக்கும் அரிசி குறைந்தது. பின்னர் ஒருவர் முன்வந்து அந்நிலத்தை அடகிலிருந்து மீட்டு, திருவமுது குறைவின்றி நடக்குமாறு செய்தார். கல்வெட்டின் சாரம் இதுவே.

அன்பர்கள் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும். இவ்வூர் தன்னைப் பற்றிக் கல்லில் எழுதிவைத்த முதற்செய்தி ஒரு குறையும் அதன் நிவர்த்தியும் ஆகும். ஊரார் நினைத்திருந்தால் குறையை மறைத்து மீட்பை மட்டும் எழுதியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. அடகு வைத்ததையும், அமுது குறைந்ததையும், மீட்டதையும் ஒருங்கே வெட்டிவைத்தனர். பின்வருவோர் அறிந்து நடக்க வேண்டும் என்பதே அவர்கள் கருத்தாக இருந்திருக்கும். கைங்கர்யம் குறையக்கூடும், குறைந்ததை மீட்கவும் கூடும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக இக்கல் நமக்குப் புகட்டிவரும் பாடம் இது.

பின்னர் விஜயநகர அரசின் காலத்தில், 1564-இல், புதிய ஸந்நிதிகள் எழுந்தன. பார்த்தஸாரதிப் பெருமாள் கிழக்கு நோக்கியும், தெள்ளியசிங்கப் பெருமாள் மேற்கு நோக்கியும் ஸேவை ஸாதிக்கின்றனர். ஒருவர் கடலை நோக்க, மற்றவர் நிலத்தை நோக்குகிறார். இவ்விரு திருநோக்குகளுக்கும் இடையிலேயே பின்வந்த நூற்றாண்டுகளின் மாற்றங்கள் அனைத்தும் நடந்தேறின.

4. கும்பினியார் வருகை

1639-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கூவம் நதிக்கு வடக்கே மதராஸபட்டணம் என்னும் கடற்கரை இடத்தில் கோட்டை கட்டிக்கொள்ள ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் அநுமதி அளித்தார். கோட்டைக்குத் தெற்கே, கூவத்தைக் கடந்த சிறு தொலைவில் திருவல்லிக்கேணி இருந்தது. அன்று கோட்டையில் இருந்தோருக்கு இது வேற்றூர். இங்குள்ளோருக்கும் கோட்டை ஒரு வேற்றிடமே.

விஜயநகர அரசு தளர்ந்தபின் இப்பகுதி கோல்கொண்டா சுல்தானின் ஆட்சிக்குட்பட்டது. 1672-இல் பிரெஞ்சுக்காரர் சாந்தோமைக் கைப்பற்றினர். 1674-இல் அதனை விட்டு நீங்கும் வரை அப்பக்கம் போர்க்களமாக இருந்தது. அப்போர் நடந்த 1670-களிலேயே திருவல்லிக்கேணி கும்பினியின் கைக்கு மாறியது. கோட்டையைச் சூழ்ந்த ஊர்களுள் கும்பினியார் முதன்முதற் பெற்றவற்றுள் இதுவும் ஒன்று. எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகியவை 1693-இலும், திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி முதலிய ஐந்து ஊர்கள் 1708-இலும், வேப்பேரி, பெரம்பூர் முதலிய ஐந்து ஊர்கள் 1742-இலும் பட்டணத்தோடு சேர்ந்தன. மயிலையும் சாந்தோமும் 1749-இலேயே கும்பினியிடம் வந்தன.

இதில் ஒரு வியப்பு உண்டு. ஆழ்வார் காலத்தில் மயிலையின் சிறு பகுதியாகப் பாடப்பெற்ற அல்லிக்கேணி, மயிலைக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே புதிய பட்டணத்தைச் சேர்ந்துவிட்டது. தாயூர் தனித்து நிற்க, சேயூர் வேறொரு வீட்டிற்குச் சென்றதுபோல் ஆயிற்று. திருவல்லிக்கேணி என்னும் பெயரும் ஆங்கிலேயரின் நாவில் ‘ட்ரிப்ளிக்கேன்’ என்று குறுகியது. கேணியும் போய், அல்லியும் போய், திருவும் போய், பொருளற்ற ஓர் ஒலி மட்டும் அஞ்சல் முகவரியில் நின்றது.

5. நவாபின் அரண்மனையும் அண்டை அயலாரும்

18-ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, கும்பினியின் பாதுகாப்பை நாடிச் சென்னைக்கு வந்து, கோயிலுக்கு வடகிழக்கே சேப்பாக்கத்தில் அரண்மனை அமைத்துக்கொண்டார். அது 1768-இல் நிறைவுற்றது. அவருடன் உருது பேசும் குடும்பங்களும், படைவீரர்களும், கணக்கர்களும், கைவினைஞர்களும் வந்து குடியேறினர். 1795-இல் வாலாஜா பள்ளிவாசல் எழுந்தது. ஜாம் பஜார், மீர்சாகிப்பேட்டை முதலிய பெயர்கள் அக்காலத்தின் எச்சங்கள். கடைசி நவாப் 1855-இல் மறைந்ததும் அப்பட்டம் ஒழிக்கப்பட்டது. அரண்மனை அரசினர் அலுவலகமாயிற்று.

அரசு போயிற்று, அண்டை வீட்டார் போகவில்லை. இன்றும் மாடவீதிகளிலிருந்து சிறிது நடந்தால் உருது மொழி காதில் விழும். ரமலான் மாதத்தில் வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு துறப்போருக்கு உணவளிக்கும் பணியைச் சிந்து தேசத்திலிருந்து வந்து குடியேறிய இந்து அன்பர்கள் பல ஆண்டுகளாகச் செய்து வருகின்றனர். பசித்தவனுக்கு அமுது இடுவதே ஊரின் முதற்கடமை என்று தந்திவர்மன் காலத்துக் கல் கூறிய பாடத்தை, அதைப் படியாதவர்களும் அறிந்து நடக்கின்றனர்.

6. கடல் விலகிய வரலாறு

ஊர் பட்டணத்துள் அடங்கியதன் அடையாளமாக, அதன் கிழக்கெல்லையே மாறிற்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வருத்திய பெரும் பஞ்சத்தில், பட்டினியால் வாடியவர்களுக்கு வேலையும் கூலியும் அளிக்கும் பொருட்டு, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அக்கால ஆளுநரின் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் எனப்பெற்றது. ஊருக்கும் கடலுக்கும் இடையே அது குறுக்கிட்டது. அதனை வெட்டியவர்கள் பசியினால் வந்த ஏழைகள் என்பதை மறவாதிருப்போமாக.

அடுத்து, கோட்டைக்கு வடக்கே துறைமுகம் எழுந்தது. 1881-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டன. இக்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் இயல்புடையது. சுவர் தடுத்தமையால் தென்புறத்தில் மணல் சேர்ந்தது, கடல் பின்வாங்கியது. இன்று அன்பர்கள் மெரீனா என்று கண்டு களிக்கும் அகன்ற மணற்பரப்பின் பெரும்பகுதி அவ்வாறு உண்டானது. கடற்கரை உலாவுசாலையை அமைத்து அதற்கு மெரீனா என்று பெயரிட்டவர் ஆளுநர் கிராண்ட் டஃப். ஆண்டு 1885-ஐ ஒட்டியது. ஈண்டு மணல் சேர்ந்தபோது, துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. நகரம் ஓரிடத்தில் கூட்டுவதை மற்றோரிடத்தில் குறைக்கிறது.

20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கால்வாயின் மீதே தூண்கள் நிறுத்தி மேல்நிலை இருப்புப்பாதை போடப்பட்டது. 1997 முதல் ‘திருவல்லிக்கேணி’ என்னும் பெயர்ப்பலகையோடு ஒரு நிலையம் இயங்குகிறது. ஆழ்வார் கேட்ட அலையோசைக்கும் கோயிலுக்கும் இடையே இன்று கால்வாயும், இரயில் பாதையும், கல்லூரிக் கட்டடங்களும், காமராஜர் சாலையும், மணல்வெளியும் உள்ளன. ஆயினும் மாசி மகத்தன்று எம்பெருமான் தீர்த்தவாரிக்காகக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். விலகிப்போன கடலைத் தேடிச் செல்கிறார் என்றே சொல்லத் தோன்றுகிறது. அன்று போக்குவரத்து நிற்கிறது. திருவீதி கடல் வரை நீள்கிறது. அவ்வொரு பொழுதில் பட்டணம் ஊருக்கு வழிவிடுகிறது.

7. ஊர் பட்டணத்துக்கு அளித்தவை

பட்டணம் ஊரிடமிருந்து கொண்டவற்றைக் கூறினோம். ஊர் பட்டணத்துக்கு அளித்தவற்றையும் கூறுதல் நியாயம்.

1852-இல் வேர்கொண்டு வளர்ந்த ஹிந்து உயர்நிலைப் பள்ளி தலைமுறை தலைமுறையாக மாணவர்களை உருவாக்கியது. 1878 செப்டம்பர் 20-ஆம் நாள், திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள், ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி, எண்பது பிரதிகள் அச்சிட்டு ‘ஹிந்து’ பத்திரிகையைத் தொடங்கினர். இதுவும் ஒரு கடனே. ஆனால் வளர்ச்சிக்கு வாங்கிய கடன். 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், நியாய விலையில் நல்ல அரிசியும் பருப்பும் கிடைக்கக் குடும்பத்தார் தாமே கூடி நடத்தும் முறையை இந்நாட்டுக்குக் காட்டிய முன்னோடிகளுள் ஒன்று. பெரிய பட்டணத்தில் வாழ்வோர் ஒருவரையொருவர் அறியார் என்பர். அறிந்தவர்கள் வாழ்ந்த ஊர் ஆதலின் இச்சங்கம் இங்கு முளைத்தது என்று கொள்வதில் தவறில்லை.

கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் 1914-இல் சீமைக்குக் கப்பலேறும் முன் ஹநுமந்தராயன் கோயில் தெருவில் வாழ்ந்தார். மகாகவி பாரதியார் தம் இறுதி நாட்களைத் துளசிங்கப்பெருமாள் கோயில் தெருவில் கழித்தார். கோயில் யானைக்குத் தம் கையால் உணவளித்து அன்பு பாராட்டியவர், அதனால் தள்ளுண்டு, பின்னர் நோயுற்று 1921 செப்டம்பரில் மறைந்தார். அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவில்லமாக உள்ளது. இவர்களெல்லாம் அயலூர்களிலிருந்து பிழைப்பை நாடிப் பட்டணம் வந்தவர்கள். பட்டணம் அவர்களை வரவழைத்தது. தங்க இடம் தந்தது இவ்வூர்.

8. எஞ்சியிருப்பது எது?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நிலம் பட்டணத்தினுடையதாயிற்று. கடல் விலகிற்று. ஆட்சி பன்முறை மாறிற்று. பட்டணத்தின் பெயரே 1996-இல் அதிகாரபூர்வமாகச் சென்னை என்று மாறிற்று. ஆயினும் திருவல்லிக்கேணி ஊராகவே நிற்கிறது என்று எதனைக் கொண்டு கூறுகிறோம்?

விடியற்காலையில் ஸந்நிதிக் கதவு திறக்கிறது. வைகானஸ ஆகம முறைப்படி திருவாராதனம் நடக்கிறது. மடைப்பள்ளியில் தளிகை ஆகிறது. அத்யாபக கோஷ்டியார் அருளிச்செயலை ஸேவிக்கின்றனர். சித்திரையில் பார்த்தஸாரதிப் பெருமாளுக்கும், ஆனியில் தெள்ளியசிங்கப் பெருமாளுக்கும் ப்ரஹ்மோத்ஸவம். மாசியில் கைரவிணியில் தெப்பம். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து. ஸ்ரீபாதம் தாங்குவோர், நாதஸ்வரக்காரர், பூக்கட்டுவோர், தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடுவோர், தீவட்டி பிடிப்போர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பணியும், அப்பணிக்கு ஒரு வேளையும் உண்டு. ஒருவர் வராவிட்டால் “இன்று அவர் ஏன் வரவில்லை?” என்று கேட்பார் உண்டு.

அக்கேள்வி பிறக்கும் இடமே ஊர் என்பது அடியேனின் துணிபு. ஆயிரம் வீடுகள் அடுத்தடுத்து நின்றாலும், ஒருவர் வராததை மற்றவர் அறியாவிட்டால் அது குடியிருப்பே அன்றி ஊராகாது. பட்டணத்துள் அடங்கிய பல சிற்றூர்கள் பேருந்து நிறுத்தத்தின் பெயராக மட்டும் நிற்கின்றன. அங்கும் கோயிலும் குளமும் இருந்திருக்கும். அவற்றை ஒட்டிய பணிகள் ஒவ்வொன்றாக நின்றபோது ஊரும் நின்றுபோயிற்று. இங்கு அவை இன்னும் நிற்கவில்லை. முக்தனின் ஸ்வரூபத்துக்குக் கைங்கர்யம் அடையாளமாவது போல, பட்டணத்தைச் சேர்ந்த இவ்வூரின் ஸ்வரூபத்துக்கும் கைங்கர்யமே அடையாளம்.

9. இன்று அடகில் இருப்பவை

புகழ்ச்சியோடு முடித்தால் கட்டுரை இனிக்கும். ஆயினும் உண்மை முழுமை பெறாது. தந்திவர்மன் காலத்து ஊரார் குறையையும் எழுதிவைத்தனர் அன்றோ? நாமும் எழுதுவோம்.

முதலாவது, வீடுகள். மாடவீதிகளையும் அவற்றை அடுத்த தெருக்களையும் சேர்ந்த குடும்பங்கள் பல, இடநெருக்கடியாலும் பிள்ளைகளின் உத்தியோகத்தாலும், மாம்பலம், நங்கநல்லூர் முதலிய இடங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றுவிட்டன. திண்ணை வைத்த பழைய வீடுகள் அடுக்குமாடிகளாகவும், வேலை தேடி வரும் இளைஞர்கள் தங்கும் ‘மேன்ஷன்’களாகவும் மாறின. வந்து தங்கும் இளைஞர்களைக் குறை கூறுவதற்கில்லை. ராமாநுஜனும் பாரதியும் வந்து தங்கியவர்களே. சென்றவர்களையும் குறை கூறுவதற்கில்லை. உத்ஸவ நாட்களில் விடியற்காலை இரயிலேறி வந்து கோஷ்டியில் நின்று, புறப்பாடு முடிந்து, பின் அலுவலகம் செல்வோர் இன்றும் உளர். அவர்களுடைய பிள்ளைகளும் அவ்வாறு வருவார்களா என்பதே கவலை.

இரண்டாவது, நீர். ஊரின் பெயரே கேணி. கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான இந்நிலத்தில் மழைநீர் எளிதில் இறங்கும். அவ்வாறே, அளவின்றி இறைத்தால் உவர்நீர் புகுதலும் எளிது. பெய்யும் மழை குளத்தில் சேர்ந்தால் சுற்றிலுமுள்ள கிணறுகளில் நீர் ஊறும். 2003-இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றதை நாம் கண்டோம். கேணியின் பெயரைத் தாங்கிய ஊரிலும் அந்நிலை வந்தது. குளத்தில் எறியும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பையும் ஊரின் பெயரையே அழிப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, பயிற்சி. நாலாயிரமும் வேதமும் புத்தகத்தில் இருந்தால் போதாது. நெஞ்சிலும் நாவிலும் இருக்க வேண்டும். ஒரு கோஷ்டியில் நூறு பேர் நின்று, அவர்களுள் பத்துப் பேர் மட்டும் புத்தகம் பாராமல் ஸேவிப்பார்களாயின், மற்றத் தொண்ணூறு பேரின் பங்கும் அடகில் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

10. மீட்கும் வழி

அடகு வைத்த நிலத்தை மீட்டவர் அரசர் அல்லர். முன்வந்த ஓர் அன்பர். அவர் புதிதாக ஒன்றும் படைக்கவில்லை. நின்றுபோனதை மீண்டும் நடக்கச் செய்தார். உத்ஸவத்துக்கு வந்துள்ள அன்பர்கள் ஒவ்வொருவரும் அவ்வழியில் தம்மால் இயன்ற ஒன்றைச் செய்யலாம்.

அ. ஊரின் பெயரை முழுமையாகச் சொல்லுங்கள், எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அதன் பொருளைக் கூறுங்கள்.

ஆ. கைரவிணியின் படிகளில் அமரும்போது, கையிற் கொண்டுவந்தது எதுவும் நீரிற் சேராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு குளம் இருக்கும்; திரும்பியபின் அதனைச் சென்று பாருங்கள்.

இ. ஒரு பாசுரமாவது பொருளோடு கற்றுக்கொள்ளுங்கள். திருவல்லிக்கேணிக்குரிய பாசுரங்கள் பன்னிரண்டே. ஓராண்டில் மாதம் ஒன்றாகக் கற்கலாம்.

ஈ. நீங்கள் பிறந்த ஊரின் கோயிலில் நின்றுபோன ஒரு பணியை விசாரியுங்கள். விளக்கெண்ணெயோ, ஒரு வேளைத் தளிகையோ, பூமாலையோ, எதுவாயினும் அதனை மீண்டும் தொடங்கிவையுங்கள். நீங்கள் குடியிருக்கும் பட்டணம் எதுவாயினும் ஆகுக. அவ்வொரு கைங்கர்யத்தால் உங்கள் ஊர் ஊராக நிற்கும்.

இவ்வளவும் கேட்டபின் அன்பர்கள் இன்று மாலை வாஹனப் புறப்பாட்டின்போது மாடவீதியில் நிற்கையில், மேலே மின்கம்பிகளையும் பக்கத்தில் கடைகளின் விளக்குகளையும் காண்பார்கள். அவை பட்டணத்தினுடையவை. நடுவே குடை சாய்த்து, கோஷ்டி முன்செல்ல, எம்பெருமான் எழுந்தருளுவார். அவர் நடந்து காட்டும் வழியே இவ்வூரின் எல்லை. அவ்வெல்லைக்குள் நிற்கும் பொழுது நாம் எவ்வூராராயினும் அல்லிக்கேணிக் குடிகளே.

வேதவல்லித் தாயார் ஸமேத ஸ்ரீபார்த்தஸாரதிப் பெருமாளின் திருவருளால், அடகில் இருப்பவை யாவும் மீண்டு, கைங்கர்யங்கள் குறைவற நடந்து, கேணியில் நீரும், நாவில் தமிழும் வேதமும், அடுப்பில் அமுதும் என்றும் நிறைந்திருக்கப் பிரார்த்திக்கிறேன்.

மங்களம் உண்டாகுக.